டிவிடியா, 4கே டிஸ்கா, ஸ்ட்ரீமிங்கா: புது டிவியில் எது எப்படித் தெரியும், ஏன்?

கேள்வி இதுதான்: 65 அங்குல 4கே டிவி வாங்கியாகிவிட்டது. அலமாரியில் நிறைய டிவிடி, கொஞ்சம் புளூரே, ஒரு பெட்டியில் விஎச்எஸ் கேசட்டுகள். டிவிடி போட்டால் படம் மங்கலாகத் தெரிகிறது. "4கே டிஸ்க் வாங்காவிட்டால் அந்த டிவியே தண்டம்" என்கிறார் ஒருவர். "டிவிடிக்கும் புளூரேக்கும் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை" என்கிறார் இன்னொருவர். "இனி எல்லாம் ஸ்ட்ரீமிங்தான், டிஸ்க் எதற்கு" என்கிறார் மூன்றாமவர். யாரை நம்புவது?

மூவரும் தாங்கள் கண்டதைத்தான் சொல்கிறார்கள். எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள், எந்தப் படத்தைப் பார்த்தார்கள், டிவி எந்த மோடில் இருந்தது என்ற மூன்றையும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் கருத்துகள் முட்டிக்கொள்கின்றன. உங்கள் வீட்டு விடையும் இந்த மூன்றில்தான் இருக்கிறது.

முதலில் தூரம். சாதாரணப் பார்வை உள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும். 65 அங்குலத் திரையின் அகலம் சுமார் 144 செ.மீ., உயரம் 81 செ.மீ. இதில் 1080பி (புளூரேயின் 1920×1080) படத்தின் ஒரு பிக்சல் 2.6 மீட்டருக்கு அப்பால் போனால் கண்ணுக்குத் தனியாகப் பிரியாது. 4கே பிக்சலோ 1.3 மீட்டரைத் தாண்டினாலே பிரியாது. டிவிடியின் 576 வரிகள் மறைய ஏறத்தாழ 4.8 மீட்டர் வேண்டும். 480 வரிகள் என்றால் 5.8 மீட்டர். ஆகவே 5 மீட்டர் தள்ளி உட்கார்ந்து டிவிடிக்கும் புளூரேக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பவர் பொய் சொல்லவில்லை. 2 மீட்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு டிவிடி கண்ணை உறுத்துவதும் உண்மை. 2.6 மீட்டருக்கு அப்பால், வெறும் ரெசல்யூஷனுக்காக மட்டும் புளூரேயை விட்டு 4கேக்குப் போவதில் பெரிய லாபம் இல்லை. எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் இடையிலான வீச்சைக் கூட்டும் முறை) வேறு விஷயம், அது தூரத்தைப் பொறுத்ததல்ல, பின்னால் வருகிறேன். ஒரு டேப் எடுத்துச் சோபாவுக்கும் திரைக்கும் உள்ள இடைவெளியை அளந்துவிடுங்கள். அந்த ஒரு எண் பல விமர்சனங்களைவிட அதிகம் உதவும்.

இனி டிவிடி ஏன் மங்கலாகிறது என்று பார்ப்போம். டிவிடியின் ஒரு சட்டத்தில் (ஃபிரேமில்) 720×576 அல்லது 720×480 பிக்சல்கள். 4கே திரையில் 3840×2160. அதாவது டிஸ்கில் உள்ள ஒரு புள்ளியைக் கொண்டு 20 முதல் 24 புள்ளிகளை டிவி இட்டுநிரப்ப வேண்டும். பழைய குழாய் டிவியில் அதே டிஸ்க் அழகாகத் தெரிந்ததற்குக் காரணம், திரை சிறியது, அது இந்த வரிகளுக்காகவே செய்யப்பட்டது. டிஸ்க் கெட்டுப்போய்விடவில்லை. அதிலுள்ள எல்லாவற்றையும் வெளியே எடுக்கிறோமா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான வீடுகளில் எடுப்பதில்லை.

பிளேயரின் மெனுவுக்குப் போய் டிவி வகை அல்லது படவிகிதம் என்ற இடத்தைப் பாருங்கள். அது இன்னமும் 4:3 என்று இருந்தால் உடனே 16:9 ஆக மாற்றுங்கள். 4:3இல் விட்டால், அகலத்திரை டிவிடியைப் பிளேயர் தானே நசுக்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை சேர்த்து அனுப்பும். டிவி அதைத் திரும்ப இழுத்துப் பெரிதாக்கும். 2.35:1 படமென்றால் டிஸ்கில் 436 வரிகள் இருக்க, திரைக்கு வந்து சேர்வது 327 வரிகள்தான். நல்ல டிஸ்கைப் பாழாக்கும் முதல் குற்றவாளி இந்த ஒரு செட்டிங்தான். சில ஆரம்பகால டிவிடிகளில் படமே 4:3 சட்டத்துக்குள் பட்டையோடு பதிக்கப்பட்டிருக்கும். அவற்றுக்கு டிவியின் ஜூம் தவிர வழியில்லை. படம் பிடித்தமானதென்றால் புளூரேயைத் தேடுவதே மேல்.

அடுத்து கேபிள். மஞ்சள் முனை கேபிளில் ஒளியும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வரும். டிவி அதைப் பிரிக்கும்போது ஓரங்களில் புள்ளிகள் ஊர்வதும் நிறம் வழிவதும் தவிர்க்க முடியாதவை. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று முனையுள்ள கம்போனென்ட் கேபிள் பலமடங்கு மேல். எச்டிஎம்ஐ இருந்தால் அதுவே சரி. எச்டிஎம்ஐ பிளேயரில் 1080பி, 4கே என்று பெரிதாக்கும் வசதியும் இருக்கும். அதைப் பிளேயர் செய்வதா, டிவி செய்வதா என்பதை ஒரே காட்சியைக் கொண்டு சோதியுங்கள்: கேமரா மெல்ல நகரும் காட்சி, அதில் ஜன்னல் கம்பியோ படிக்கட்டோ இருக்க வேண்டும். எந்த வழியில் கம்பிகளின் ஓரம் சீப்புப் பல்போலப் பிளவுபடாமல் நேராக நிற்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். டிவிடியில் ஒற்றைப்படை வரிகளும் இரட்டைப்படை வரிகளும் தனித்தனியாக வருகின்றன. அவற்றைச் சேர்ப்பதில் ஏற்படும் பிழையே அந்தச் சீப்புப் பல். விலை குறைந்த பிளேயர்களில் இந்தச் சேர்ப்பு வேலை மோசம், அங்கே மெனுவில் 576i அல்லது 480i என்பதைத் தேர்ந்து, மூலவடிவிலேயே அனுப்பி டிவியிடம் விட்டுவிடலாம்.

டிவி பக்கத்தில் மாற்ற வேண்டியவை அதிகமில்லை, ஆனால் முக்கியமானவை. கடையின் வெளிச்சத்தில் கண்ணைப் பறிப்பதற்கென்றே இருக்கும் விவிட், டைனமிக் போன்ற மோடுகளை விட்டு சினிமா, மூவி அல்லது ஃபிலிம்மேக்கர் மோடுக்கு வாருங்கள். இந்த ஃபிலிம்மேக்கர் மோடை யுஎச்டி அலையன்ஸ் (டிவி நிறுவனங்களும் ஸ்டுடியோக்களும் சேர்ந்த கூட்டமைப்பு) 2019இல் அறிவித்தது. அசைவைச் செயற்கையாக மழுக்குவது, கூர்மையைத் திணிப்பது எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் நிறுத்திவிடும். ஷார்ப்னஸ் செட்டிங்கைக் கூட்டினால் விவரம் கூடாது, ஓரங்களில் வெள்ளைக் கோடுதான் கூடும். டிவிடியில் ஏற்கெனவே அந்தக் கோடு பதிந்திருக்கும், இரண்டும் சேர்ந்தால் முகங்கள் வெட்டி ஒட்டியதுபோல் ஆகிவிடும். நடுநிலை எது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்: சோனி டிவிகளில் 50, சாம்சங்கில் 0. எழுத்துகளின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டே குறைத்துவாருங்கள், வெள்ளைக் கோடு மறையும் இடத்தில் நிறுத்துங்கள். படம் சாம்பல் பூத்ததுபோலவோ, இருட்டுப் பகுதி மொத்தமும் ஒரே கறுப்பாகவோ தெரிந்தால் பிளேயரும் டிவியும் எச்டிஎம்ஐ கறுப்பு அளவில் ஒத்துப்போகவில்லை என்று பொருள். இரண்டையும் ஆட்டோவிலோ லிமிடெட்டிலோ வைத்தால் சரியாகும்.

இத்தனையும் செய்தபின் டிவிடி உங்கள் தூரத்தில் பார்க்கும்படி இருந்தால், முழு அலமாரியையும் மாற்றாதீர்கள். குறிப்பாக 80, 90களில் வீடியோ டேப்பிலேயே எடுத்து முடித்த தொடர்கள், மேடை நிகழ்ச்சிகள் போன்றவற்றின் மூலமே 480 அல்லது 576 வரிதான். அதைப் புளூரேயில் போட்டாலும் புதிதாக விவரம் எங்கிருந்தும் வராது. 35 எம்.எம். ஃபிலிமில் எடுத்த படங்கள் நேர் எதிர். ஃபிலிமைப் புதிதாக ஸ்கேன் செய்தால் டிவிடி ஒருபோதும் காட்டாத விவரம் வெளிப்படும். 50, 60களின் படம் ஒன்று, அண்மையில் வந்த டிஜிட்டல் படத்தைவிட 4கேயில் செழிப்பாக இருப்பது இதனால்தான். 2000களின் தொடக்கத்திலிருந்து வந்த பல படங்களின் வரைகலைக் காட்சிகளும் இறுதி வடிவமும் 2கே (ஏறத்தாழப் புளூரேயின்) அளவில் முடிக்கப்பட்டவை. அவற்றின் 4கே டிஸ்க் என்பது 2கேயிலிருந்து பெரிதாக்கியதுதான். அங்கே கிடைக்கும் லாபம் எச்டிஆரும் நிறமும். ஆகவே வடிவத்தைப் பார்த்து வாங்காமல் படத்தைப் பார்த்து வாங்குங்கள். புது ஸ்கேனா, பழைய மாஸ்டரை (டிஸ்குகளுக்கு மூலமான பதிவை) மறுபடி பதித்ததா என்பதை அந்தந்த வெளியீட்டின் விமர்சனத்தில் பாருங்கள். மாஸ்டர் மோசமென்றால், அதாவது ஃபிலிமின் துகள்களை மெழுகிவிட்டு முகங்களைப் பொம்மையாக்கியிருந்தால், 100 ஜிபி டிஸ்கும் அதைக் காப்பாற்றாது.

எச்டிஆர் பற்றித்தான் மிக அதிகமான ஏமாற்றம். "4கே டிஸ்க் போட்டேன், படம் இருட்டாக இருக்கிறது" என்ற குறை எங்கும் கேட்கும். காரணம் பெரும்பாலும் டிஸ்கில் இல்லை. 4கே படங்கள் 1,000 அல்லது 4,000 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) உச்ச வெளிச்சத்துக்காக வண்ணம் தீட்டப்பட்டவை. "எச்டிஆர் வசதி உண்டு" என்று பெட்டியில் போட்டிருக்கும் மலிவான டிவிகள் பல 300, 400 நிட்ஸில் நின்றுவிடும். பின்னொளியைப் பகுதி பகுதியாகக் குறைக்கும் வசதியும் இராது. அவை எச்டிஆர் சிக்னலை வாங்கிக்கொள்ளும், காட்டாது. அப்படிப்பட்ட திரையில் அதே படத்தின் சாதாரணப் புளூரே நன்றாகத் தெரியும், தயங்காமல் அதையே பாருங்கள். தரமான டிவியிலும் இருட்டாக இருந்தால் மின்சிக்கன மோடையும் அறை ஒளியைப் பார்த்துத் தானே மங்கும் வசதியையும் நிறுத்துங்கள். எச்டிஆர் வரும்போது பேக்லைட் உச்சத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். டைனமிக் டோன் மேப்பிங் (காட்சிக்குக் காட்சி வெளிச்சத்தைத் திரைக்கேற்பச் சரிசெய்யும் வசதி) இருந்தால் போட்டுப் பாருங்கள். பிறகு திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். எச்டிஆர் மங்கலான அறைக்காகச் செய்யப்பட்டது. எஸ்டிஆர் என்ற சாதாரணப் படத்தைப் போல வெளிச்சத்தை இஷ்டத்துக்கு ஏற்றிக்கொள்ள அதில் இடமில்லை.

எச்டிஎம்ஐ போர்ட்டையும் மறக்க வேண்டாம். பல டிவிகளில் போர்ட்டுகள் பழைய வேகத்தில்தான் இருக்கும், நாம்தான் திறந்துவிட வேண்டும். எல்ஜியில் எச்டிஎம்ஐ அல்ட்ரா எச்டி டீப் கலர், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மேட் என்று அதற்குப் பெயர். இதைப் போடாவிட்டால் 10 பிட் நிறமும் எச்டிஆரும் முழுமையாக வராது. டிஸ்குக்கு 18 ஜிபிபிஎஸ் கேபிள் போதும், உறையில் பிரீமியம் ஹைஸ்பீடு என்று இருக்கும். 48 ஜிபிபிஎஸ் கேபிள் 120 ஹெர்ட்ஸ் விளையாட்டுக் கருவிகளுக்குத்தான் தேவை. தங்கமுலாம் பூசிய விலையுயர்ந்த கேபிள் படத்தை ஒரு துளிகூட மேம்படுத்தாது. டிஜிட்டல் சிக்னல் வந்தால் முழுதாக வரும். வராவிட்டால் மின்னும், அறுந்துபோகும்.

ஸ்ட்ரீமிங்கின் உண்மை நிலை என்ன? 4கே ஸ்ட்ரீமிங் பொதுவாக 15 முதல் 25 எம்பிபிஎஸ்க்குள் வரும். 4கே டிஸ்க் 100 ஜிபி வடிவில் 100 எம்பிபிஎஸ்க்கு மேலும் தரக்கூடியது. சாதாரணப் புளூரேயில் படத்துக்கு மட்டும் 40 வரை. 15 எம்பிபிஎஸில் இரண்டு மணிநேரப் படம் 13.5 ஜிபி. அதே படம் டிஸ்கில் 60 சராசரியில் வந்தால் 54 ஜிபி. பகல் வெளிச்சத்தில் எடுத்த நகைச்சுவைப் படத்தில் இந்த வித்தியாசம் அதிகம் தெரியாது. மூடுபனி, புகை, மழை, இருட்டறை, ஃபிலிம் துகள் உள்ள காட்சிகளில் ஸ்ட்ரீமிங் திணறும்: இருட்டில் கட்டம் கட்டமாக அசையும், வானத்தில் படிகள் தெரியும், துகள்கள் கரைந்துபோகும். ஃபிலிமில் எடுத்த படங்களுக்கு 4கே ஸ்ட்ரீமிங்கைவிட நல்ல 1080பி புளூரே மேல் என்பது என் உறுதியான கருத்து. பிக்சல் நான்கில் ஒரு பங்குதான், ஆனால் ஒவ்வொரு பிக்சலுக்கும் கிடைக்கும் தகவல் பலமடங்கு.

ஒலியில் இடைவெளி இன்னும் பெரிது. டிஸ்கில் டால்பி ட்ரூஎச்டி, டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ போன்ற இழப்பில்லாத ஒலி வரும். ஸ்ட்ரீமிங்கில் வரும் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரும் முறை) பொதுவாகச் சுருக்கப்பட்ட டால்பி டிஜிட்டல் பிளஸில் ஏறி வருவது. டிவியின் சொந்த ஸ்பீக்கரில் கேட்பவர் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. சவுண்ட்பார் அல்லது ரிசீவர் வைத்திருந்தால், டிவி வழியாக ஒலியை அனுப்பும்போது அந்தப் போர்ட் இஏஆர்சிதானா (டிவியிலிருந்து ஒலியை வெளியே அனுப்பும் எச்டிஎம்ஐ வழியின் புதிய வடிவம்) என்று பாருங்கள். பழைய ஏஆர்சியில் இழப்பில்லாத ஒலி போகாது.

ஸ்ட்ரீமிங்கில் படம் நெடுக நடுங்கினால் இணையத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள். பல ஸ்ட்ரீமிங் பெட்டிகள் எல்லாவற்றையும் 60 ஹெர்ட்ஸில் அனுப்பும். நொடிக்கு 24 சட்டமுள்ள படத்தில் ஒரு சட்டம் மூன்று தடவை, அடுத்தது இரண்டு தடவை என்று ஏற்ற இறக்கமாக வரும். ஆப்பிள் டிவி பெட்டியில் மேட்ச் கன்டென்ட் என்ற பகுதியில் ஃபிரேம் ரேட், டைனமிக் ரேஞ்ச் இரண்டையும் போட்டுவிட்டால் இது தீரும். வைஃபை என்றால் 2.4 ஜிகாஹெர்ட்ஸை விட்டு 5க்கு மாறுங்கள். டிவியின் லேன் போர்ட் பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ்தான். ஸ்ட்ரீமிங்குக்கு அது தாராளம், ஆனால் டிஸ்கிலிருந்து எடுத்த 4கே கோப்பை வீட்டு சர்வரிலிருந்து ஓட்டினால் உச்சத்தில் தடுக்கும்.

"வாங்கிய" டிஜிட்டல் படத்தைப் பற்றி ஒன்று. அது ஒரு உரிமம்தான், கடை மூடினால் அதன் கதி அடுத்தவர் கையில். பெரிய ஸ்டுடியோக்கள் சேர்ந்து நடத்திய அல்ட்ராவயலட் சேவை 2019 ஜூலை 31 அன்று மூடப்பட்டது. வேறு சேவையோடு கணக்கை இணைக்காதவர்கள் சிக்கலில் மாட்டினர். திரும்பத் திரும்பப் பார்க்கும் படத்தை டிஸ்கில் வாங்குங்கள், ஒருதடவை பார்க்க ஸ்ட்ரீமிங் போதும்.

பிளேயர் வாங்குவதென்றால் தள்ளிப்போடாதீர்கள். ஓப்போ 2018இல் விலகியது, சாம்சங் 2019இல், எல்ஜி 2024இல். தேர்வு சுருங்கிக்கொண்டே வருகிறது. பானாசோனிக்கின் யுபி820 எச்டிஆரைத் திரையின் திறனுக்கேற்ப இறக்கித் தருவதில் பெயர்பெற்றது, நடுத்தர டிவிக்கு அது பெரிய உதவி. சோனியின் எக்ஸ்800எம்2 நல்ல கருவி, ஆனால் டால்பி விஷனை (காட்சிக்குக் காட்சி மாறும் எச்டிஆர் வகை) கையால் போட்டு அணைக்க வேண்டும். அணைக்க மறந்தால் எச்டிஆர்10 (அடிப்படை எச்டிஆர் வகை) டிஸ்கையும் டால்பி விஷனாக மாற்றி நிறத்தைக் கெடுக்கும். டிஸ்க் டிரைவ் உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே டிஸ்க் ஓட்டும், ஆனால் டிஸ்கில் உள்ள டால்பி விஷன் வராது. எச்டிஆர்10 எல்லா எச்டிஆர் டிஸ்கிலும் அடித்தளமாக இருப்பதால் படம் எச்டிஆரில்தான் வரும். 4கே டிஸ்குக்கு மண்டலத் தடை இல்லை, எங்கிருந்து வரவழைத்தாலும் ஓடும். அதே பெட்டியில் இருக்கும் புளூரேக்கு ஏ, பி, சி என்ற தடை இருக்கலாம்.

மூன்றடுக்கு 100 ஜிபி டிஸ்குகள் நடுவில் உறைந்து நிற்பது அடிக்கடி கேட்கும் புகார். டிஸ்கை மாற்றக் கேட்பதற்கு முன் துடைத்துப் பாருங்கள். புது டிஸ்கிலும் மெல்லிய படலமோ விரல் ரேகையோ இருக்கும். இத்தனை நெருக்கமான பதிவில், ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்கு லேசர் தாவும் இடத்தில் அதுவே போதும். மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் பதிவுத் தடத்தோடே ஓடும், பிழைதிருத்தத்தால் அதைச் சரிக்கட்ட முடியாது. அதன்பிறகும் நின்றால் பிளேயரின் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். அதே நொடியில் மீண்டும் நின்றால் டிஸ்கை மாற்றிக் கேளுங்கள்.

அடுத்த டிவி ஓஎல்இடியா, மினி எல்இடியா என்பதற்கு அறைதான் பதில். இருட்டாக்கிப் பார்ப்பவருக்கு ஓஎல்இடி, ஏனெனில் ஒவ்வொரு பிக்சலும் தானே அணையும், கறுப்பு உண்மையான கறுப்பு. பகலில் ஜன்னல் வெளிச்சத்தில் பார்ப்பவருக்கு, சிறுசிறு விளக்குகளைப் பின்னொளியாகக் கொண்ட மினி எல்இடி. இருட்டில் சப்டைட்டிலைச் சுற்றி லேசான ஒளிவட்டம் வருவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஓஎல்இடி வாங்கினால் பார்த்து முடித்ததும் சுவரிலுள்ள சுவிட்சை அணைக்காதீர்கள். பிக்சல்களைச் சமன்படுத்தும் வேலையை டிவி ஸ்டான்ட்பையில் இருக்கும்போதுதான் செய்யும். எல்ஜியில் மொத்தம் 4 மணிநேரம் ஓடியபின் அது நடக்கும். மின்சாரத்தை வெட்டினால் அது நடக்காமலே போய், தடம் பதியும் வாய்ப்பு கூடும். 24 சட்டப் படத்தில் கேமரா மெல்லத் திரும்பும்போது ஓஎல்இடியில் படம் வெட்டி வெட்டி நகர்வதாகத் தோன்றும். பிக்சல்கள் உடனே மாறிவிடுவதுதான் காரணம், பழுது இல்லை. அசைவு மென்மையாக்கலை மிகக்குறைந்த அளவில் வைத்தால் குறையும். 8கேயை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். மேலே சொன்ன தூரக் கணக்கே அதற்குப் பதில், அந்த வடிவில் டிஸ்கும் இல்லை.

கடைசியாக அந்த விஎச்எஸ் பெட்டி. எல்லாவற்றிலும் அவசரமானது அதுதான். வாங்கிய படங்களின் கேசட்டை விட்டுவிடுங்கள், வேறு வடிவில் கிடைக்கும். வீட்டில் எடுத்த கல்யாணம், குழந்தைகள், தாத்தா பாட்டி குரல் உள்ளவற்றை முதலில் பிரித்தெடுங்கள். டேப்பில் வெண்மையான பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடவே கூடாது, ஹெட்டுக்கும் பரவி அடுத்த கேசட்டையும் பிடிக்கும்; அதைத் தொழில்முறையாகச் சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள். நல்ல கேசட்டை முதலில் முழுக்க முன்னோட்டி, பின் திரும்ப ஓட்டித் தளர்வை எடுங்கள்.

விஎச்எஸ் பிளேயரை நேரே மலிவான யுஎஸ்பி கருவியில் செருகினால் படத்தின் மேல்பகுதி வளையும், சட்டங்கள் விடுபடும், போகப்போக ஒலி பின்தங்கும். டேப்பிலிருந்து வரும் வரிகள் சமமான நேர இடைவெளியில் வராததே காரணம். அதைச் சீர்செய்யும் டைம் பேஸ் கரெக்டர் உள்ள எஸ்-விஎச்எஸ் பிளேயர் கிடைத்தால் மிகச் சிறப்பு. இல்லாவிட்டால் சிக்னலைத் தானே சீர்செய்து கடத்தும் சில டிவிடி ரெக்கார்டர்களை நடுவில் இணைக்கலாம். எஸ்-வீடியோ முனை இருந்தால் மஞ்சள் முனையைத் தவிருங்கள். படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்து தெரியும். எல்லா டேப்பிலும் அது உண்டு, பழைய டிவிகள் மறைத்துவிட்டன.

பதிவை 720×576 அல்லது 720×480இல், வரிகளைக் கலக்காமல், இழப்பில்லாத கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறையில்) எடுங்கள். ஒரு மணிநேரத்துக்கு 30 முதல் 40 ஜிபி பிடிக்கும். பார்ப்பதற்கான எச்.264 பிரதியைப் பிறகு அதிலிருந்து செய்துகொள்ளலாம், அப்போது நொடிக்கு 50 அல்லது 60 சட்டமாக விரியுங்கள். 25, 30 ஆகக் குறைத்தால் கேம்கார்டரில் பதிந்த அசைவில் பாதி போய்விடும். கடைகளில் மாற்றிக் கொடுப்பதில் நடக்கும் பெரிய இழப்பு இதுதான். செயற்கை நுண்ணறிவால் 4கே ஆக்கித் தருகிறோம் என்பவர்களிடம் ஒரே பிரதியாக ஒப்படைக்காதீர்கள், அது முகங்களை ஊகித்து வரைகிறது. மூலப் பதிவை இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்கில், இரண்டு வெவ்வேறு வீட்டில் வையுங்கள். எரித்த டிவிடியை மட்டும் நம்ப வேண்டாம், அதன் சாயப்பூச்சு காலப்போக்கில் மங்கும். கேசட்டைத் தூக்கி எறியாமல், புத்தகம்போல நிமிர்த்தி, ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்திருங்கள்.